அல்புமின் போத்தலைத் தொங்கவிடும் முன்: அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

“அக்கா, ஐந்தாம் கட்டில் ஐயாவின்ர அல்புமின் பதினெட்டு வந்திருக்கு. ஒரு போத்தல் போடட்டோ?”

மாரிகாலத்து இரவுப் பணியில் பயிற்சி மருத்துவர்களிடமிருந்து இந்தக் கேள்வி வராத வாரமே எனக்கு இல்லை. (அல்புமின் குருதியில் ஓடும் ஒரு புரதம். பதினெட்டு என்றால் லீற்றருக்கு 18 கிராம்.) நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “ஏன் போடப் போறீர்?” அநேகமாக வரும் மறுமொழி, “குறைஞ்சிருக்கு அக்கா.” அந்த மறுமொழியை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் போத்தலைத் தொங்கவிடக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஐ.சி.யூ. வேலைக்குப் புதிதாக வரும் பயிற்சி மருத்துவர்களையும் தாதிய உத்தியோகத்தர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளில் இருந்துகொண்டு, நோயாளியைப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவதா வைத்திருப்பதா என்று இரவில் யோசிப்பவர்களுக்கும் இது உதவும். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் வைத்தியம் படிப்பித்த மண் இது. நாங்கள் வாட்டில் பேசுகிற மாதிரியே எழுதினால்தான் இரண்டு மணிக்கு நித்திரைக் கண்ணோடு வாசிப்பவருக்கும் விளங்கும். உங்கள் பிரிவின் விசேட வைத்திய நிபுணர் சொல்வதும், அங்கே எழுதி ஒட்டியிருக்கும் நடைமுறையும் இதற்கு மேலானவை. அவர்களுக்கு அழைப்பு எடுக்கும் முன் நீங்கள் எதையெல்லாம் பார்த்து வைத்திருக்க வேண்டும் என்பதைத்தான் நான் சொல்லப்போகிறேன்.

முதலாவது: போத்தலை வாசியுங்கள்

அல்புமின் “சத்து மருந்து” அல்ல. பல்லாயிரம் பேர் கொடுத்த குருதியின் திரவப் பகுதியைச் சேர்த்து, அதிலிருந்து பிரித்தெடுத்த மனிதப் புரதம் அது. 60 பாகை செல்சியசில் 10 மணித்தியாலம் சூடாக்கிக் கிருமி நீக்கித்தான் போத்தலில் அடைக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஹார்வர்டில் எட்வின் கோன் குளிர்ந்த எதனோலைக் கொண்டு இதைப் பிரிக்கும் முறையை உருவாக்கினார். 1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகத்தில் எரிகாயப்பட்டவர்களுக்கு ஏற்றியபோதுதான் உலகம் இதைக் கவனித்தது. எங்களுக்கு இது கப்பலிலோ விமானத்திலோ வந்து சேரும் சாமான். கையிருப்பு எப்போதும் மட்டுமட்டு. ஒரு வாட்டில் வீணாகும் போத்தல் இன்னொரு வாட்டில் இல்லாத போத்தலாகிவிடும்.

லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது செறிவு. 20 சதவீதம் என்றால் 50 மில்லிலீற்றரில் 10 கிராம், 100 மில்லிலீற்றரில் 20 கிராம். 4 அல்லது 5 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட குருதித் திரவத்தின் அடர்த்திதான். 250 மில்லிலீற்றர் 5 சதவீதப் போத்தலில் 12.5 கிராம் இருக்கும். இரண்டும் ஒரே பெயரில் வந்தாலும் ஒரே மருந்தென்று எண்ண வேண்டாம். 5 சதவீதம் நாளத்துக்குள் தான் போன அளவுக்கு இடம் பிடிக்கும். 20 சதவீதம் சுற்றியுள்ள இழையங்களிலிருந்து நீரை உள்ளே இழுக்கும். 100 மில்லிலீற்றர் ஏற்றினால் குருதியின் கனவளவு ஏறத்தாழ 200 மில்லிலீற்றரால் கூடும். நாளம் கசிகிற நோயாளியில் அந்தக் கணக்கு அப்படியே நடக்காது என்பதையும் நினைவில் வைத்திருங்கள். இழுத்த நீரோடு அல்புமினும் வெளியே போய்விடும்.

ஆகவே கட்டளை எழுதும்போது “அல்புமின் 1 போத்தல்” என்று எழுதாதீர்கள். “மனித அல்புமின் 20 சதவீதம், இத்தனை கிராம், இத்தனை மில்லிலீற்றர், இத்தனை மணித்தியாலத்தில்” என்று எழுதுங்கள். தாதியருக்கும் சொல்கிறேன்: கிராம் எழுதாத கட்டளையைத் திருப்பிக் கேட்பது உங்கள் உரிமை.

இரண்டாவது: இலக்கத்தை வாசியுங்கள்

சுகதேகியில் அல்புமின் லீற்றருக்கு 35 முதல் 50 கிராம் வரை இருக்கும். ஈரல் நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை செய்கிறது. குருதியில் உள்ள அல்புமின் அரைவாசியாகக் குறைய ஏறக்குறைய 20 நாட்கள் எடுக்கும். அப்படியென்றால் முந்தாநாள் 36 ஆக இருந்தவருக்கு இன்று எப்படி 18 ஆனது? இரண்டு நாள் சாப்பிடாததால் அல்ல. கிருமித்தொற்றில் நுண்நாளங்கள் கசிந்து அல்புமின் வெளியே போய்விட்டது. நாங்கள் ஏற்றிய மூன்று லீற்றர் சேலைன் மிஞ்சியதை ஐதாக்கியது. அழற்சியின்போது ஈரல் வேறு புரதங்களைச் செய்யத் திரும்பிவிடுவதால் உற்பத்தியும் குறைந்தது.

குறைந்த அல்புமின் உள்ளவர்கள் அதிகம் இறக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் காய்ச்சல்மானி 40 காட்டுகிறது என்பதற்காக மானியைக் குளிர்நீரில் வைப்பதில்லையே. இலக்கத்தை உயர்த்துவதால் மட்டும் ஆள் பிழைப்பதில்லை என்று பெரிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

அதற்காக 18ஐப் பார்த்துவிட்டுச் சும்மா போகவும் கூடாது. அந்த இலக்கம் மற்ற அறிக்கைகளைப் பொய்யாக்கிவிடும். புதியவர்கள் தவறவிடும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அனயன் இடைவெளியை எடுங்கள், குருதியில் அளக்கப்படாத அமிலங்கள் சேர்ந்திருப்பதைக் காட்டும் கணக்கு அது. அல்புமின் 40இலிருந்து 10 கிராம் குறையும் ஒவ்வொரு தடவையும் இடைவெளி ஏறத்தாழ 2.5 ஆல் குறைந்து தெரியும். 18 என்றால் 5.5 ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். இடைவெளி 12 என்று பார்த்து “சரியாத்தான் இருக்கு” என்று தாளைத் திருப்பினால், உண்மையில் இருக்கும் 17.5 உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அதன் பின்னால் லக்றேற் (ஒக்சிசன் போதாத இழையங்களில் சேரும் அமிலம்) ஏறிக்கொண்டிருக்கலாம்.

கல்சியத்தில் ஒவ்வொரு கிராம் குறைவுக்கும் 0.02 மில்லிமோலைக் கூட்டுவது வழக்கம். மொத்தக் கல்சியம் 1.86 என்றால் 0.44 ஐக் கூட்ட 2.30 வரும், அதாவது சரியான அளவு. ஆனாலும் ஐ.சி.யூ. நோயாளியில் இந்தச் சூத்திரத்தை நம்பி கல்சியம் ஏற்றவோ விடவோ வேண்டாம். குருதி வாயு இயந்திரம் காட்டும் அயன் கல்சியத்தைப் பாருங்கள்.

பெனிற்றோயின் இன்னும் ஆபத்து. அது அல்புமினில் ஒட்டிக்கொண்டு திரியும் வலிப்பு மருந்து. அல்புமின் 18 உள்ளவருக்கு மொத்த அளவு லீற்றருக்கு 8 மில்லிகிராம் என்று வந்தால், திருத்திப் பார்க்கும்போது 17க்குக் கிட்ட வரும். “காணாது” என்று இன்னொரு ஊசி போட்டால் நஞ்சாகும்.

மூன்றாவது: காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள்

பி.எச்.ரி.யில், அதாவது நோயாளியின் கட்டில் பதிவேட்டில், எழுதுங்கள். “அல்புமின் குறைவு” என்பது காரணம் ஆகாது. நோயின் பெயரும் எதிர்பார்க்கும் பயனும் அந்த ஒரு வரியில் இருக்க வேண்டும். எழுத முடியாவிட்டால் போத்தலை அலுமாரியில் வையுங்கள். எழுத முடிந்தால் கணக்குப்படி முழுதாகக் கொடுங்கள். என் அனுபவத்தில் “ஒரு போத்தல்” என்பது பெரும்பாலும் பிழையான விடை. தேவையில்லாதவருக்கு அது ஒரு போத்தல் கூட, தேவையானவருக்கு மிகக் குறைவு.

செப்சிஸ் அதிர்ச்சியிலிருந்து (கிருமித்தொற்று குருதி அமுக்கத்தை வீழ்த்தும் நிலை) தொடங்குவோம், அதுதான் நீங்கள் அதிகம் காண்பது. 1998இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அல்புமின் கொடுத்த ஒவ்வொரு 17 பேருக்கும் ஒருவர் கூடுதலாக இறக்கிறார் என்று சொல்லி உலகத்தைத் திடுக்கிட வைத்தது. அதைச் சோதிக்க அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 16 ஐ.சி.யூ.க்களில் 6,997 பேரைச் சேர்த்து ‘சேஃப்’ ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு 4 சதவீத அல்புமின், மற்றவர்களுக்குச் சேலைன். 2004இல் முடிவு வந்தது: 28 நாளில் இறந்தவர்கள் 20.9 சதவீதமும் 21.1 சதவீதமும். கொல்லவும் இல்லை, கூடுதலாகக் காப்பாற்றவும் இல்லை. பிறகு இத்தாலியில் 100 ஐ.சி.யூ.க்களில் 1,818 செப்சிஸ் நோயாளிகளை வைத்து ‘அல்பியோஸ்’ ஆய்வு நடந்தது. 20 சதவீத அல்புமினால் அளவை 30க்கு மேலே வைத்திருந்தார்கள். 28 நாள் இறப்பு 31.8, 32.0. மறுபடியும் சமம். அதிர்ச்சியில் இருந்தவர்களை மட்டும் பின்னர் பிரித்துப் பார்த்தபோது 90 நாளில் 43.6 எதிர் 49.9 என்று ஒரு நன்மை தெரிந்தது. பின்னர் பிரித்துப் பார்ப்பது நம்பிக்கை தரும் சாடை மட்டுமே, அதை நிரூபணம் என்று எடுக்க முடியாது.

நடைமுறையில் இதன் பொருள்: முதலில் ஹாட்மன் அல்லது அதுபோன்ற சமநிலைத் திரவம். முதல் மூன்று மணித்தியாலத்தில் உடல்நிறை கிலோவுக்கு 30 மில்லிலீற்றர் என்பது 2021ஆம் ஆண்டின் சர்வதேச செப்சிஸ் வழிகாட்டல் முன்வைக்கும் அளவு. நேரத்தோடு நுண்ணுயிர்க்கொல்லி, நேரத்தோடு குருதி அமுக்கத்தை உயர்த்தும் நோஅட்ரினலின். இவ்வளவும் செய்தும் லீற்றர் லீற்றராகத் திரவம் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தால், அப்போது அல்புமினை யோசிக்கலாம் என்று அதே வழிகாட்டல் சொல்கிறது. அதுவும் குருதி அமுக்கத்துக்காக. இலக்கத்துக்காக அல்ல.

இனி ஈரல். அல்புமின் உண்மையில் உயிர் காக்கும் இடம் இதுதான். இங்கே மிச்சம் பிடித்தால் அது கஞ்சத்தனம்.

கள்ளும் சாராயமும் கெடுத்த ஈரலோடு, வயிறு நிறைய நீரோடு, நெடுந்தீவிலிருந்து படகேறி வருகிறவர்களை நாங்கள் காண்கிறோம். குடிக்காமலே நீரிழிவாலும் கொழுப்பாலும் ஈரல் சுருங்கியவர்களும் இப்போது நிறைய வருகிறார்கள். வயிற்று நீர் உள்ள ஒருவர் காய்ச்சலோடோ, குழப்பத்தோடோ, காரணமில்லாத சிறுநீரகக் கோளாறோடோ வந்தால் அன்றே ஊசி போட்டு நீரை எடுத்துப் பாருங்கள். ஒரு கன மில்லிமீற்றரில் நியூட்ரோபில் எனும் வெண்குருதிக் கலங்கள் 250 அல்லது அதற்கு மேல் என்றால் வயிற்று நீரில் தொற்று. நுண்ணுயிர்க்கொல்லி மட்டும் போதாது. 1999இல் ஸ்பெயினில் 126 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், நுண்ணுயிர்க்கொல்லியோடு அல்புமினும் பெற்றவர்களில் சிறுநீரகம் பழுதானது 10 சதவீதம், பெறாதவர்களில் 33 சதவீதம். வைத்தியசாலையிலேயே இறந்தவர்கள் 10 எதிர் 29 சதவீதம். ஐ.சி.யூ. வைத்தியத்தில் இவ்வளவு பெரிய வித்தியாசம் தரும் மருந்துகள் மிகச் சில.

அளவு: கண்டுபிடித்து 6 மணித்தியாலத்துக்குள் கிலோவுக்கு 1.5 கிராம், மூன்றாம் நாள் கிலோவுக்கு 1 கிராம். 60 கிலோ ஆளுக்கு முதல்நாள் 90 கிராம். அதாவது 20 சதவீதத்தில் 450 மில்லிலீற்றர், 50 மில்லிலீற்றர் போத்தல் ஒன்பது. மூன்றாம் நாள் ஆறு. நிறையைக் கணக்கிடும்போது வயிற்று நீரின் பாரத்தைக் கழித்துவிடுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிறியற்றினின் 88 மைக்ரோமோலைத் தாண்டியவர்களும் ஈரலின் நிலையைக் காட்டும் பிலிருபின் 68ஐத் தாண்டியவர்களும்தான் அதிகம் பயன் பெறுகிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் தவறவிடவே கூடாது.

அதே ஈரல் நோயில் இன்னும் இரண்டு இடங்கள். வயிற்று நீரை 5 லீற்றருக்கு மேல் ஒரேயடியாக எடுத்தால், எடுத்த ஒவ்வொரு லீற்றருக்கும் 8 கிராம் ஏற்றுங்கள். 8 லீற்றர் எடுத்தால் 64 கிராம். ஏற்றாவிட்டால் அன்றைக்கு ஆள் இலேசாக உணர்வார், இரண்டு மூன்று நாளில் சிறுநீர் வற்றும். அடுத்தது ஈரல் நோயால் சிறுநீரகம் நின்றுபோகும் நிலை. முதலில் கிலோவுக்கு 1 கிராம், நாளுக்கு 100 கிராமைத் தாண்டாமல் கொடுத்து, பிறகு நாளங்களைச் சுருக்கும் டெர்லிப்பிரெசினோடு நாளுக்கு 20 முதல் 40 கிராம். டெர்லிப்பிரெசினும் அல்புமினும் சேரும்போது மூச்சு நின்றுபோகும் ஆபத்து கூடும். ஒக்சிசன் அளவு 90க்குக் கீழே உள்ளவருக்குத் தொடங்காதீர்கள், தொடங்கியபின் அளவைப் பார்ப்பதை விடாதீர்கள்.

ஆனால் ஈரல் நோயாளி என்பதற்காகவே தினமும் போத்தல் ஏற்றுவதும் பிழை. 2021இல் பிரித்தானியாவில் வெளிவந்த ‘அற்றயர்’ ஆய்வு 777 உள்ளக நோயாளிகளில் அல்புமினை 30க்கு மேலே வைத்திருக்கப் பார்த்தது. தொற்றும் குறையவில்லை, சிறுநீரகக் கோளாறும் குறையவில்லை, இறப்பும் குறையவில்லை. நுரையீரலில் நீர் கோத்தவர்கள்தான் கூடினார்கள். அதே நோய், அதே மருந்து, காரணம்தான் வேறு.

தலையில் அடிபட்டவர்களுக்கு அல்புமின் வேண்டாம். கொடிகாமம் பக்கம் ஏ9 வீதியில் தலைக்கவசமில்லாமல் மோட்டார் சைக்கிளில் விழுந்த பிள்ளையைக் கொண்டுவரும்போது இதை நினைவில் வைத்திருங்கள். சேஃப் ஆய்வில் இருந்த 460 தலைக்காய நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அல்புமின் பெற்றவர்களில் 33.2 சதவீதமும் சேலைன் பெற்றவர்களில் 20.4 சதவீதமும் இறந்திருந்தார்கள். மண்டைக்குள் அமுக்கம் கூடியதுதான் காரணமாகக் கருதப்படுகிறது. அவர்களுக்குச் சேலைன்.

டெங்கு. மார்கழி, தை மாதங்களில் எங்கள் கட்டில்களை நிரப்புவது இதுதான். இங்கே அல்புமின் ஓர் அடையாளம். 42இல் இருந்தவர் 33க்கு இறங்கினால், ஹீமற்றோகிறிற் (குருதியில் செங்குருதிக் கலங்களின் பங்கு) ஏறாவிட்டாலும் கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள். அதைக் கண்டு அல்புமின் ஏற்ற ஓடாதீர்கள். எங்கள் தேசிய வழிகாட்டலில் மணித்தியாலக் கணக்கில் திரவப் பங்கீடு இருக்கிறது. கொலொயிட் (நாளத்துக்குள் நீரைப் பிடித்துவைக்கும் திரவம்) தேவைப்பட்டால் டெக்ஸ்ட்ரான் 40க்கு இடம் இருக்கிறது. கசிவு 24 முதல் 48 மணித்தியாலத்தில் நிற்கும். நின்றபின் வெளியே போன நீரெல்லாம் திரும்ப உள்ளே வரும். அப்போது உள்ளே ஏற்கெனவே கூடுதலாக ஏற்றியிருந்தால் நெஞ்சு நிறையும். எலிக்காய்ச்சலிலும் அதே கவனம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது பரவியது நினைவிருக்கும். அந்த நோயில் நுரையீரலுக்குள் குருதி கசியக்கூடும், மேலதிகத் திரவம் அதை மோசமாக்கும்.

எரிகாயத்தில் முதல்நாள் திரவம் கணக்கை மீறிப் போகும்போதும், நரம்புகளைத் தாக்கும் கிலென் பரே நோய்க்குக் குருதித் திரவ மாற்றம் செய்யும்போதும் அல்புமினுக்கு இடம் உண்டு. இரண்டும் நிபுணர் பக்கத்தில் நிற்கும் வேலைகள், நீங்கள் தனியாகத் தொடங்கப் போவதில்லை. “வீங்கியிருக்கு, அல்புமினும் ஃபுரோசமைட்டும் சேர்த்துப் போடுவம்” என்ற பழக்கத்துக்குச் சான்று மெல்லியது (ஃபுரோசமைட் சிறுநீரைக் கூட்டும் மருந்து). சிறிய ஆய்வுகளில் ஒக்சிசன் கொஞ்சம் முன்னேறியது, உயிர் காத்ததாகக் காட்டப்படவில்லை. முதலில் ஃபுரோசமைட்டைச் சரியான அளவில் கொடுத்துப் பாருங்கள்.

நான்காவது: நெஞ்சைப் பாருங்கள்

நான் பயிற்சி முடித்த புதிதில், வேறொரு ஊர் வைத்தியசாலையில், அறுபது வயது அம்மா ஒருவருக்கு அல்புமின் 17 என்று கண்டு 20 சதவீதத்தில் 100 மில்லிலீற்றர் எழுதினேன். வேகம் எழுதவில்லை. அது அரை மணித்தியாலத்தில் போய் முடிந்தது. இரண்டு மணித்தியாலத்தில் அம்மா எழும்பி உட்கார்ந்து, நுரை கக்கி, மூச்சுக்குத் தவித்தார். பழைய இதயநோய் அவருக்கு இருந்தது, பி.எச்.ரி.யின் இரண்டாம் பக்கத்தில் எழுதியும் இருந்தது. நான் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. அவர் மூன்று நாள் வென்றிலேற்றரில் இருந்து மீண்டு வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து போத்தலுக்கு முன் நோயாளியின் நெஞ்சில் குழலை வைக்காமல் நான் கையெழுத்து வைப்பதில்லை.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். இதயநோய் வரலாறு உண்டா? கழுத்து நாளம் நிரம்பியிருக்கிறதா? நுரையீரலின் அடியில் கரகரப்பு கேட்கிறதா? இரண்டு மணித்தியாலத்துக்கு முன்பிருந்ததைவிட ஒக்சிசன் தேவை கூடியிருக்கிறதா? ஸ்கான் கருவி கையில் இருந்தால் நுரையீரலையும் கீழ்ப் பெருநாளத்தையும் பாருங்கள். கால்களை உயர்த்தி ஒரு நிமிடம் பார்த்தால், திரவத்துக்கு இதயம் பதில் சொல்லுமா என்று ஓரளவு தெரியும். சிறுநீர் போகாத நோயாளிக்கு அல்புமின் உள்ளே இழுத்த நீர் வெளியே வர வழி இல்லை என்பதையும் கணக்கில் எடுங்கள்.

ஐந்தாவது: ஏற்றுதல்

இது பெரும்பாலும் தாதியரின் கைவேலை. போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இளமஞ்சள் தெளிவாக இருக்க வேண்டும், கலங்கியிருந்தாலோ துகள் மிதந்தாலோ திருப்பி அனுப்புங்கள். குலுக்காதீர்கள், நுரைக்கும். உறையவைக்கப்பட்ட போத்தல் வேண்டவே வேண்டாம். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்ததென்றால் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். கண்ணாடிப் போத்தல் என்றால் காற்றுத்துளை உள்ள செற் தேவை, இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிடும். குருதி இனம் பொருத்திப் பார்க்கத் தேவையில்லை.

துளையிட்டபின் 4 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். உள்ளே கிருமிகாப்பு மருந்து எதுவும் இல்லை. மீதியை நாளைக்கென்று வைக்காதீர்கள். ஊசிக்கான தூயநீரால் ஒருபோதும் ஐதாக்காதீர்கள், செங்குருதிக் கலங்கள் உடையும். ஐதாக்க வேண்டுமென்றால் சேலைன். வேறு மருந்துகளை அதே குழாயில் கலக்காதீர்கள். அதிர்ச்சியில் இல்லாதவருக்கு 20 சதவீதத்தை நிமிடத்துக்கு 1 முதல் 2 மில்லிலீற்றர் வரை விடலாம், நான் கீழ்ப்பக்கத்தில் இருந்து தொடங்குவேன். வயிற்று நீர்த் தொற்றுள்ள 60 கிலோ ஆளின் 450 மில்லிலீற்றரை மணித்தியாலத்துக்கு 75 மில்லிலீற்றர் வீதம் விட்டால் 6 மணித்தியாலத்தில் முடியும். ஒவ்வொரு போத்தலையும் மாற்றும்போது தொகுதி இலக்கத்தை எழுதுங்கள். மனிதக் குருதியிலிருந்து வந்த மருந்து, எப்போதாவது திருப்பி அழைக்கப்பட்டால் யாருக்குப் போனது என்று தெரிய வேண்டும்.

முதல் 15 நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள். தடிப்பு, நடுக்கம், குருதி அமுக்கம் இறங்குதல் அரிது, ஆனால் வரும். பிறகு அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை சுவாச வீதம், ஒக்சிசன், குருதி அமுக்கம். மணித்தியாலத்துக்கு ஒருமுறை சிறுநீர். சுவாச வீதம் ஏறத் தொடங்கினால் டொக்டரைக் கூப்பிடும் முன்பே பம்பை நிறுத்துங்கள். அடுத்தநாள் ஹீமோகுளோபின் 1 கிராம் குறைந்திருந்தால், உள்ளே இழுபட்ட நீர் ஐதாக்கியதாக இருக்கலாம். அப்படி முடிவுகட்டும் முன் கறுப்பு மலம் போனதா என்று பார்த்துவிடுங்கள், ஈரல் நோயாளியல்லவா.

ஆறாவது: நிறுத்துதல்

தொடங்கியவர் நிறுத்தாமல் பணி மாறிப் போவதால்தான் போத்தல்கள் வீணாகின்றன. தொடங்கும்போதே முடிவையும் எழுதுங்கள்: “மூன்றாம் நாள் 60 கிராமோடு முடிவு”, அல்லது “நோஅட்ரினலின் குறையாவிட்டால் 24 மணித்தியாலத்தில் மீள யோசிக்க”. அல்புமின் இலக்கம் ஏறியதா என்று தினமும் குருதி எடுத்துப் பார்க்க வேண்டாம். நாங்கள் ஊற்றியது அறிக்கையில் தெரியும், அவ்வளவுதான்.

ஏழாவது: வாசலில் நிற்பவர்கள்

“மிஸ், அப்பாவுக்கு அந்தச் சத்துப் போத்தல் ஏத்தினால் எழும்பிடுவாரோ? வெளியில வாங்கி வரட்டோ?” நகையை அடகு வைத்தாவது வாங்கத் தயாராக நிற்பார்கள். அவர்களிடம் “தேவையில்லை” என்ற ஒரு சொல்லோடு உள்ளே போய்விடாதீர்கள். அப்பாவின் நோய் என்ன, இந்த மருந்து ஏன் அதற்கு உதவாது, உதவும் மருந்துகள் எவை போய்க்கொண்டிருக்கின்றன என்று இரண்டு நிமிடம் நின்று சொல்லுங்கள். உண்மையிலேயே தேவைப்பட்டு வைத்தியசாலையில் இல்லாவிட்டால், முதலில் மருந்தாளரிடமும் பக்கத்து வைத்தியசாலைகளிடமும் கேளுங்கள். வெளியிலிருந்து வாங்க நேர்ந்தால் பதிவுபெற்ற மருந்தகம், பற்றுச்சீட்டு, உடையாத முத்திரை, காலாவதித் திகதி எல்லாம் பார்த்தபின்தான் ஏற்றுங்கள். 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் குப்பிகள் அரச வைத்தியசாலைகளுக்குள்ளேயே வந்துவிட்ட நாடு இது. அதுவும் அல்புமினைப் போலக் குருதித் திரவத்திலிருந்து செய்யும் மருந்துதான்.

ஐந்தாம் கட்டில் ஐயாவின் கதைக்கு வருகிறேன். “ஏன்” என்ற கேள்வியோடு அந்தத் தம்பி திரும்பப் போனார். அனயன் இடைவெளியைத் திருத்திப் பார்த்தார், கூடுதலாக வந்தது. லக்றேற் பார்த்தார், 4.8. வயிற்றைத் தட்டிப் பார்த்தார், நீர். ஊசி போட்டு எடுத்து அனுப்ப, நியூட்ரோபில் கலங்கள் 900. பின்னிரவு மூன்று மணிக்கு என்னை மறுபடி அழைத்தார். “அக்கா, ஒரு போத்தல் இல்லை. ஒன்பது வேணும்.” நெஞ்சு தெளிவு, ஒக்சிசன் தேவை இல்லை என்றும் தானாகவே சொன்னார். அலுமாரியில் ஆறுதான் இருந்தது, மிச்சம் மூன்றையும் மற்ற வாட்டிலிருந்து எடுப்பித்தோம்.

விடிய வாசலுக்கு வந்த மகள், முட்டை வெள்ளைக்கரு கரைத்துக் கொண்டுவரலாமா என்று கேட்டார். அதிலும் அல்புமின் இருக்கிறதாமே என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். குடிக்கும் முட்டைப் புரதம் வயிற்றில் சமித்துவிடும், குருதி அல்புமினாக அப்படியே ஏறாது என்று சொன்னேன். ஆனாலும் ஐயாவுக்குப் புரதம் வேண்டும்தான், நினைவு தெளிந்து விழுங்கத் தொடங்கியதும் நன்றாக அவித்த முட்டை கொடுக்கலாம், பச்சையாக வேண்டாம் என்றும் சொன்னேன். மூன்றாம் நாள் மிச்ச ஆறு போத்தலும் ஏறியது. கிறியற்றினின் 164இலிருந்து 102க்கு இறங்கியிருந்தது. அல்புமின் எவ்வளவு என்று அன்றைக்கு நாங்கள் பார்க்கவில்லை.